குறைதீர்க்கும் டம்ளர்

ஊத்துக்கரட்டில் குழாய்த் தண்ணீர் ஊர்க்காரர்களின் மனசுக்குத் தக்கபடி இனிக்கவும் கசக்கவும் ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் கரண்ட் போவதைப் போல, ஏழரை மணி பஸ் எட்டுக்கு வருவதைப் போல, அதுவும் ஒரு சாதாரண விஷயமாகிவிட்டது. ஊருக்குப் புதிதாக மருமகளாய் வந்த பெண்கள் மட்டும் முதல் ஒரு வாரம் டம்ளரை முகர்ந்து முகர்ந்து பார்ப்பார்கள். பிறகு அவர்களும் காலையில் எழுந்து வாய் கொப்பளித்ததும், "இன்னைக்குப் பரவால்லீங் அத்தை" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கப் பழகிவிடுவார்கள்.

இதற்கெல்லாம் காரணமான கம்ப்யூட்டர் புரோகிராமை எழுதினவள் தமயந்தி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், பேக்கரிக்கு மேல்மாடியில், நாலு கம்ப்யூட்டர் போட்டு நடந்த ஒரு சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை. ஜனங்கள் போனில் ஊரைப் பற்றி என்ன நினைத்து என்ன எழுதுகிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்ல நகராட்சி அந்தக் கம்பெனியிடம் கேட்டிருந்தது. ஊர் எல்லைக்குள்ளிருந்து யார் எந்தப் பதிவைப் போட்டாலும், அது ஓடி வரும்போதே பிடித்து, சொல் சொல்லாகப் பிய்த்து, ஒவ்வொரு சொல்லுக்கும் மதிப்பெண் போட்டு, கடைசி ஏழு நாள் கணக்கைச் சராசரி எடுத்து, மைனஸ் பத்துக்கும் பிளஸ் பத்துக்கும் நடுவில் ஒரே ஓர் எண்ணாக பஸ் ஸ்டாண்டுத் திரையில் காட்டவேண்டும். சொல் பட்டியலை அவளே இரண்டு மாதம் உட்கார்ந்து தட்டினாள். 'அருமை'க்கு மூன்று, 'நாசமாப்போன' என்பதற்கு மைனஸ் நான்கு, 'பரவாயில்லை'க்கு அரை. இப்படி நாலாயிரம் சொற்கள். ஒரு செவ்வாய்க்கிழமை திரையைப் போட்டார்கள். புதன்கிழமை காலையிலிருந்து தண்ணீர் அந்த எண்ணின்படி ருசிக்க ஆரம்பித்தது.

ஏன் என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? எஞ்சினியர் மேல்நிலைத் தொட்டியில் ஏறி எட்டிப் பார்த்தார், குளோரினை மாற்றினார், மூன்று இடத்தில் ரோட்டைத் தோண்டிக் குழாயைத் தட்டிப் பார்த்தார். பத்து நாள் தேடினார்கள். அப்புறம் சலித்துப்போய், தேடுவதை விட்டுவிட்டுக் குடித்தனம் நடத்த ஆரம்பித்தார்கள்.

"அக்கா, இன்னைக்கு நீ போட்ட மார்க்குலதான் ரசம் வெச்சிருக்கேன், வந்து குடி" என்று தமயந்தியின் தங்கை ரோகிணி போன் செய்து கேலி பண்ணுவாள். அவள் அடுத்த தெருவில் புருஷன் சிவராசுவோடும் இரண்டு வயசு மகள் யாழினியோடும் இருந்தாள். ஓடைக்கரைச் சாயப்பட்டறையில் துணி மடிக்கும் அறையில் அவளுக்கு வேலை. "மைனஸ் ரெண்டுன்னா புளியக் குறைக்கணுமா, கூட்டணுமா? அதையும் உன் கம்ப்யூட்டர்லயே கேட்டுச் சொல்லு" என்பாள். தமயந்திக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மதிப்பெண்ணோடு எப்படி வாழ்வது என்று அந்த ஊர் கற்றுக்கொண்ட வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பேக்கரி டீ மாஸ்டர் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சர்க்கரை டப்பாவில் கரண்டியை விடுவார். கல்யாணச் சமையல்காரர்கள் தேதி கேட்கும்போதே, "உங்க பக்கத்து ஜனம் நல்ல மாதிரி எழுதுவாங்களா?" என்று கேட்டுக்கொண்டார்கள். பெண் பார்க்க வருகிற வீட்டுக்காரர்கள் இரண்டு நாள் முன்னாடியே தெருத்தெருவாய்ப் போய், "கொஞ்சம் நல்லதா நாலு வார்த்தை போடுங்க சாமி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காப்பி குடிக்கோணும்" என்று கும்பிட்டுவிட்டு வந்தார்கள். மகளிர் குழுப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு, விடியக்காலையில் ரோஜாப்பூப் படத்தோடு ஆளுக்கொரு வாசகமாகக் காலை வணக்கம் போட்டார்கள். திங்கள் ஒன்றாவது வார்டு, செவ்வாய் இரண்டாவது வார்டு என்று அதற்கு ஒரு நோட்டே இருந்தது. கடையில் சண்டை, கட்சியில் சண்டை, புருஷன் பெண்டாட்டிச் சண்டை எதுவானாலும் வாயோடு வைத்துக்கொண்டார்கள், போனுக்குக் கொண்டுபோகவில்லை. நாளாக ஆக, எழுதத் தோன்றிவிடுமோ என்று பயந்து வாயாலும் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். குழந்தை அடம்பிடித்து அழுதால்கூட, "தண்ணியக் கெடுக்காத கண்ணு" என்றுதான் அதட்டினார்கள். ரிடையரான போஸ்ட்மேன் அங்கப்பன், தன் வீட்டு வாசலில் சாக்கடை நிற்பதைத் தினம் ஒரு போட்டோ எடுத்து நாசம் நாசம் என்று போட்டுக்கொண்டிருந்தார். தெருக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழம் பாக்கு வெற்றிலையோடு போய், ரொம்ப மரியாதையாக அவர் போனை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு புது ரேடியோவை வைத்துவிட்டு வந்தார்கள். சாக்கடை அப்படியேதான் நின்றது.

தப்பிக்கவும் வழியில்லை. வெளியூர்க் கேன் தண்ணீரானாலும் சரி, இளநீரானாலும் சரி, ஊர் எல்லைப் பலகையைத் தாண்டிய நிமிஷம் ஊர் ருசிக்கு வந்துவிடும். ஒரு லாரி டிரைவர் பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு வாய், இந்தப் பக்கம் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, மூன்றாவது வாய்க்கு நிற்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். ஏமாற்றவும் முடியாது. ஒரு தடவை தேர்த்திருவிழாவுக்காகச் சேர்மன் நாச்சிமுத்து கெஞ்சிக் கேட்டதால், தமயந்தி திரையில் கையாலேயே பிளஸ் ஒன்பது என்று போட்டுவைத்தாள். திரை ஒன்பது காட்டியது, பானகம் மைனஸ் ஒன்றாகவே இருந்தது. தண்ணீர் திரையைப் பார்த்து வரவில்லை, கணக்கைப் பார்த்துத்தான் வந்தது என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

இதெல்லாம் போகட்டும், திங்கட்கிழமைச் சங்கதிதான் முக்கியம். முன்னெல்லாம் திங்கட்கிழமை என்றால் மனு எழுதிக்கொண்டு வெயிலில் வரிசையில் நிற்பார்கள். தண்ணீர் பேச ஆரம்பித்த பிறகு மனு எதற்கு? காலை பதினோரு மணிக்கு ஜீப்பில் ஓர் அதிகாரி வருவார். ஊரில் அவருக்கு டம்ளர்காரர் என்று பெயர். நகராட்சி ஆபீஸ் முன்னால் இருக்கும் குழாயில், எல்லோரும் பார்க்க, எவர்சில்வர் டம்ளரில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடிப்பார். கசந்தால் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து, ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு என்ன குறை என்று கேட்டு, விசாரணைக்கு உத்தரவு போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். இனித்தால் நோட்டில் 'குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறிவிடுவார். சும்மா வேஷம் என்று நினைக்காதீர்கள். மார்க்கெட் ரோடு பிளந்து கிடந்த காலத்தில் தண்ணீர் மைனஸ் ஆறுக்குப் போய், அதிகாரி தன் வெள்ளைச் சட்டையிலேயே வாந்தியெடுத்து, மூன்று மணி வரைக்கும் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார். இருபதாம் நாள் ரோடு வந்தது. அதனால் டம்ளர் நியாயமானது என்று ஊர் நம்பியது. தமயந்தியும் நம்பினாள்.

ஐப்பசி மாதம் ஒரு புதன்கிழமை காலை பத்தேகாலுக்குச் சாயப்பட்டறையில் பாய்லர் வெடித்தது. துணி மடிக்கும் அறையில் ஏழு பெண்கள் இருந்தார்கள். முன்வாசல் பக்கம் தீ. பின்பக்க ஷட்டர் வெளியே பூட்டியிருந்தது. வேலை நேரத்தில் பெண்கள் வெளியே போய் நின்று போன் பேசுகிறார்கள் என்று தினமும் பூட்டுவதுதான் வழக்கம், இது பட்டறையில் வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். தீயணைப்புக்காரர்கள் ஷட்டரை அறுத்து உள்ளே போனபோது ரோகிணிதான் அதற்கு ரொம்பப் பக்கத்தில் கிடந்தாள். பட்டறை முதலாளி, சேர்மன் நாச்சிமுத்துவின் மச்சான். ஷட்டர் திறந்துதான் இருந்தது, பயத்தில் அவர்களுக்கு வழி தெரியவில்லை என்று சாயங்காலத்துக்குள் அவர் சொல்லி, அதை நாலு பேரிடம் எழுதியும் வாங்கிவிட்டார்.

தமயந்திக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. பூட்டினவன் யார், பூட்டச் சொன்னவன் யார், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஒருத்தர் இதைக் கேட்க வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு டம்ளர் கசந்தால் கேட்பார்கள். கசக்காமல் எப்படிப் போகும் என்றுதான் அவள் நினைத்தாள்.

ஊர் அழாமல் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் பாவம். வியாழக்கிழமை ஏழு பாடையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போனபோது ஒரு கடைகூடத் திறக்கவில்லை, ஆம்பளைகள் ரோட்டில் உட்கார்ந்து அழுதார்கள். ஆனால் அந்த ஊரில் ஒரு பழக்கம் உண்டு. சாவு என்றால் யாரும் சொந்தமாக ஒரு வார்த்தை சேர்த்துப் பேசமாட்டார்கள், பேசினால் அதிகப்பிரசங்கம் என்பார்கள். ஃப்ளெக்ஸ் கடை சென்னியப்பன் எந்தச் சாவுக்கும் ஒரு வாசகம் எழுதுவார், அதைத்தான் எல்லோரும் அப்படியே எடுத்துப் போடுவார்கள். அன்றைக்கும் எழுதினார்: 'எங்கள் நெஞ்சை விட்டு நீங்காத ஏழு சகோதரிகளுக்கு ஊத்துக்கரட்டு மக்களின் கண்ணீர் அஞ்சலி.' அதை ஒரு எழுத்து மாற்றாமல் பதினோராயிரம் பேர் போட்டார்கள்.

சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்த பிறகு, வாசலில் வைத்திருந்த குடத்திலிருந்து தமயந்தி ஒரு கை அள்ளி வாயில் ஊற்றினாள். தண்ணீர் கற்கண்டாக இனித்தது. பக்கத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தவர்களுக்கும் இனித்தது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார்கள். பஸ் ஸ்டாண்டுத் திரையில் பிளஸ் ஏழு என்று பச்சையாக எரிந்தது. ஊர் அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தது. இருட்டுவதற்குள், "செத்ததுங்க எல்லாம் புண்ணியவதிங்க, அதான் தண்ணியே இனிச்சுப்போச்சு" என்று சொல்லிச் சொல்லி, அதற்கும் ஒரு பாட்டம் அழுதார்கள்.

வெள்ளிக்கிழமை காலை தமயந்தி மாடி ஆபீசுக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். சாவு வீட்டுக்காரி இன்றைக்கே வேலைக்கு வந்துவிட்டாளே என்று டீ மாஸ்டர் கீழேயிருந்து பார்த்தார். பதினோராயிரம் பதிவும் வந்திருந்தது, ஒன்றும் குறையவில்லை. கணக்கில் மட்டும் ஒன்றே ஒன்றுதான் ஏறியிருந்தது. புரோகிராமின் நடுவில் ஒரு வரி. ஒரே வாசகம் மறுபடி வந்தால் எண்ணாதே, தள்ளிவிடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு செல்போன் கடைக்காரன் ஒரே விளம்பரத்தைத் தினம் நானூறு தடவை போட்டுக் கணக்கைக் கெடுத்ததால், அவளே எழுதி, எல்லோரிடமும் சபாஷ் வாங்கின வரி. விளம்பரத்தைத் தள்ளின அதே வரி, தங்கச்சிக்காக அழுத ஊரையும் தள்ளிவிட்டது. துக்கத்துக்கு மரியாதையாக யாரும் வேறு குறைகளை எழுதாததால், மிச்சம் இருந்ததெல்லாம் ரோஜாப்பூவும் காலை வணக்கமும்தான்.

"நானே எழுதினேன். என் கையாலதான்" என்று அவள் அந்த வெற்று ஆபீசில் வாய்விட்டுச் சொன்னாள். தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அந்த வரியை அழித்தாள். வேறு எதையும் தொடவில்லை. 'கண்ணீர்' என்பதற்கு மைனஸ் நாலை நாற்பதாக்கியிருக்கலாம், கைக்கு எட்டும் தூரம்தான். ரோகிணி பேரில் ஒரு கள்ளக்கணக்கு வேண்டாம், அவர்கள் அழுததை அழுதபடி எண்ணினால் போதும் என்று விட்டுவிட்டாள்.

புரோகிராம் ஏழு நாளையும் முதலிலிருந்து எண்ணி முடித்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு மைனஸ் ஒன்பது. வேப்பெண்ணெயைக் குடித்த மாதிரி ஊர் முழுக்க ஒரே சமயத்தில் காறித் துப்பியது.

முதல் அரை நாள் யாரும் குறை சொல்லவில்லை. "இப்பத்தான் நியாயமா இருக்குது, இப்படித்தான் கசக்கோணும்" என்று சொன்னவர்கள் நிறைய. விரதம் மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள், குடித்துவிட்டு ரோகிணி வீட்டுப் பக்கம் பார்த்துக் கும்பிட்டவர்களும் உண்டு. என் ஊர், என் ஜனம் என்று அன்றைக்குத் தமயந்தி நினைத்தாள். சனிக்கிழமை காலை சோறு கசந்தது, இட்லி கசந்தது, பால் கசந்தது, கண் கழுவின தண்ணீர் வாயோரம் வழிந்து அதுவும் கசந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்குச் சேர்மன் நாச்சிமுத்து தமயந்தி வீட்டுக்குத் தனியாக நடந்து வந்தார். கம்பெனி முதலாளி காலையிலிருந்து கோயமுத்தூரிலிருந்து போன் செய்துகொண்டே இருந்தார். தமயந்தி போனை அணைத்து வைத்திருந்தாள். புரோகிராமைத் திறக்கும் பாஸ்வேர்டு அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"அம்மிணி, உம்பட தங்கச்சி எனக்கும் பொண்ணு மாதிரிதான்" என்றார் சேர்மன்.

"அப்ப திங்கக்கிழமை பதினோரு மணி வரைக்கும் பொறுத்துக்கங்க. உங்க பொண்ணுக்காக."

"நான் பொறுப்பேன். ஆஸ்பத்திரில பிரசவமானவங்க பொறுப்பாங்களா? கைக்குழந்தைங்க பொறுக்குமா? ஏதோ ஒரு வரியை அழிச்சுப்போட்டீன்னு உம்பட முதலாளி சொன்னாரு, அதைத் திரும்பப் போட்டிரு கண்ணு. விசாரணையெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"ஷட்டரைப் பூட்டச் சொன்னது உங்க மச்சான்னு சொல்றாங்க. நீங்க எதைப் பாத்துக்குவீங்க?"

அவர் எழுந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டார். "ஊரைக் கேட்டுப் பாரு. ஊரு என்ன சொல்லுதோ அதுதான்" என்றார். அவர் மிரட்டவில்லை, ஆள் அனுப்பவில்லை. அவருக்கு ஊரைத் தெரியும்.

முதலில் அழித்தவள் எதிர்வீட்டுக் கோமதி. ரோகிணியோடு ஒன்றாவதிலிருந்து பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், பாடை தூக்கும்போது மயங்கி விழுந்தவள். ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கைக்கு வளைகாப்பு. ஏழு வகைச் சாதம் ஆக்கவேண்டும், ஏழும் கசந்தால் வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு எப்படி ஊட்டுவது? பதினோராயிரத்தில் தன்னுடையது ஒன்று போனால் என்ன ஆகிவிடும் என்று யோசித்து, சனிக்கிழமை மூன்று மணிக்குத் தன் அஞ்சலியை அழித்தாள். யாராவது பதிவை அழித்தால் அந்தத் தகவலும் புரோகிராமுக்கு வந்து சேரும். மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த தமயந்தி அந்தப் பெயரைப் பார்த்தாள். கைதவறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் வந்தது பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை. வளைகாப்புக்கு வந்தவர்கள் கோமதியைப் பார்த்து அழித்தார்கள், அவர்களைப் பார்த்து அவர்கள் வீட்டுக்காரர்கள் அழித்தார்கள், டீ மாஸ்டர் அழித்தார், பால்காரர் அழித்தார், நர்ஸ் அழித்தாள், வாத்தியார் அழித்தார். பாடை தூக்கினவர்கள், குழி வெட்டினவர்கள், ஷட்டரை அறுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பிணத்தைத் தோளில் சுமந்து வந்த தீயணைப்புக்காரர் உட்பட அழித்தார்கள். ஒருத்தருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஒவ்வொருத்தரும் என்னோடது ஒன்றுதானே, மிச்சம் பதினோராயிரம் இருக்கிறதே என்று நினைத்து, செத்தவர்களிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஒரு விரலால் தொட்டு அழித்தார்கள். அழித்த கையோடு ஒரு டம்ளர் குடித்துப் பார்த்தார்கள், இன்னும் கசக்கிறதே என்று அடுத்த வீட்டு வாசலைப் பார்த்தார்கள். தமயந்தியின் திரையில் பெயர் பெயராக ஓடிக்கொண்டே இருந்தது. அத்தனையும் தெரிந்த பெயர். மத்தியானம் மைனஸ் நாலு, சாயங்காலம் மைனஸ் ஒன்று.

சாயங்காலம் ஃப்ளெக்ஸ் கடைச் சென்னியப்பன் வந்தார். வாசற்படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"கண்ணு, எம்பட கையில எழுதின வாசகம் அது. நான் அழிச்சுப்போட்டனுங். வீட்டுல சம்சாரத்துக்குச் சுகரு, மாத்திரை முழுங்க முடியலீங்" என்றார். பிறகு ஏதோ ஆறுதல் சொல்கிற மாதிரி, "பஸ் ஸ்டாண்டுல ஃப்ளெக்ஸ் இருக்குதுங், அதைக் கழட்ட மாட்டேன். அது தண்ணியில சேராது" என்றார்.

"அண்ணா, இன்னும் ஒரே ஒரு ராத்திரி. உங்களுக்கெல்லாம் அவ்வளவு பொறுமைகூட இல்லையா?" என்று தமயந்தி கேட்டாள்.

"ஒரு ராத்திரிதான், தெரியுதுங். தாகத்துக்குத் தெரியலீங்களே" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சிவராசு, யாழினியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். காரியம் முடியும்வரை சாவு வீட்டுக்காரர்கள் ஊர் எல்லை தாண்டக்கூடாது, அதனால் குழந்தையை வெளியே எங்கும் கொண்டுபோக அவனால் முடியவில்லை. குழந்தை வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு மடக்குக்கு மேல் எதையும் உள்ளே விடவில்லை. உதடு வெடித்திருந்தது. அழுதால் சத்தம் வந்தது, கண்ணீர் வரவில்லை.

"இப்பக் குடிப்பாள்னு நினைக்கறேன்க்கா. இனிக்குதுன்னு சொல்றாங்க" என்றான்.

தமயந்தி லேப்டாப்பைப் பார்த்தாள். பிளஸ் நாலு. அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயுமா தம்பி?"

"நேத்தே அழிச்சுட்டேன்க்கா. உங்ககிட்டச் சொல்ல வாய் வரல." அவன் தலை குனிந்துகொண்டான். "அவ போட்டோ வெச்ச பதிவுங்க்கா அது. அவளும் நானும் பாப்பாவும் இருக்கற போட்டோ."

அவள் டம்ளரை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். பத்து மணிக்குக் கடைசி அஞ்சலியும் போயிற்று. பிளஸ் ஆறு. ஏழு பெண்களைப் பற்றி ஊரில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பதிவு, அவள் வியாழக்கிழமை போட்டது. சென்னியப்பனின் வாசகத்தை எடுக்காமல், ஊர்ப் பழக்கத்தை மீறி அவள் சொந்தமாக எழுதியிருந்தாள்: 'ஷட்டரை வெளியே பூட்டினது யார்?' அதற்கு என்ன மதிப்பெண் என்று அவள் அதுவரை பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். பூஜ்யம். ஷட்டர், வெளியே, பூட்டு, யார் எதுவுமே அவள் தட்டின நாலாயிரம் சொற்களில் இல்லை. நடுநிலை என்று சாம்பல் நிறத்தில் காட்டியது.

சிரிப்பு வந்தது அவளுக்கு, அப்படி ஒரு சிரிப்பு யாருக்கும் வரவேண்டாம். கை தானாகச் சொல் பட்டியலைத் திறந்தது. 'ஷட்டர்' என்று தட்டினாள். பக்கத்தில் மைனஸ் பத்து லட்சம் என்று போட்டாள். இதைத் திரையில் கையால் எழுதுகிற எண் என்று சொல்ல முடியாது, இது கணக்கிலேயே போய்ச் சேரும். ஒரு பட்டன் அழுத்தினால் போதும், இருக்கிற ஒரே பதிவுக்கு ஊர்த் தண்ணீர் முழுக்க விஷமாய்க் கசக்கும். கள்ளக்கணக்கு வேண்டாம் என்று வெள்ளிக்கிழமை நினைத்ததெல்லாம் அவளுக்கு இப்போது ஞாபகத்தில் இல்லை. மணி பத்து இருபது. பதினோரு மணிக்கு அவர் குடிப்பார்.

கதவுக்கு அந்தப் பக்கம் யாழினி தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. மடக் மடக்கென்று, மூச்சு விடாமல். குடித்து முடித்து, "இன்னும்" என்றாள். சரி, குடித்து முடிக்கட்டும், அப்புறம் அழுத்தலாம் என்று தமயந்தி விரலை வைத்தபடி காத்திருந்தாள். சிவராசு சமையலறைக்குப் போய் வந்தான். மறுபடி அந்தச் சத்தம், மறுபடி "இன்னும்." பத்து முப்பத்தைந்து. குழந்தை ஏதோ மழலையில் பேசிச் சிரித்தது, நாலு நாளைக்கு அப்புறம் முதல் சிரிப்பு. மறுபடி டம்ளர். பத்து நாற்பத்தைந்து. இந்தத் தடவை முடியட்டும், இந்தத் தடவை முடியட்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு குழந்தையின் வாயிலிருக்கும் தண்ணீரைக் கசக்க வைக்க அவளுக்கு ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை. பத்து ஐம்பதுக்கு லேப்டாப்பை மூடினாள். மன்னிச்சுக்க ரோகிணி என்றுகூட அவளுக்குச் சொல்ல வரவில்லை, அதைத்தானே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

நகராட்சி ஆபீஸ் முன்னால் இருநூறு பேர் இருப்பார்கள். நாற்காலி சுவரில் சாய்த்து மடித்து வைத்திருந்தது. தமயந்தி வருவதைப் பார்த்துக் கூட்டம் தானாக விலகி வழி விட்டது, ஒருத்தரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஜீப் சொன்ன நேரத்துக்கு வந்தது. அதிகாரி வெடிவிபத்தைப் பற்றிப் பேப்பரில் படித்திருந்தார் போல, பயந்துகொண்டேதான் டம்ளரை வாயருகே கொண்டுபோனார், சட்டைக்கு மேல் ஒரு துண்டைக்கூடப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு மடக்குக் குடித்தார். கண்ணைத் திறந்தார். மிச்சத்தையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்ல ஜனங்கய்யா. இவ்வளவு பெரிய துக்கத்துலயும் மனசுல ஒரு கசப்பு இல்லை" என்றார். சொல்லும்போது அவருக்கே குரல் தழுதழுத்தது. நோட்டை வாங்கி 'குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சேர்மன் நாச்சிமுத்து கைகூப்பினார். ஜீப் கிளம்பிப் போயிற்று.

கூட்டம் கலையாமல் நின்றது. ஐப்பசியிலும் வெயில் மண்டையைப் பிளந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து அந்தக் கசப்பைப் பிடிவாதமாக மடக்கு மடக்காகக் குடித்தே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த தமயந்திக்குக் கால் தள்ளாடியது. கோமதிதான் ஓடி வந்து பிடித்தாள். அதே குழாயில் அதே டம்ளரில் தண்ணீர் பிடித்து, இரண்டு கையாலும் நீட்டினாள். "குடிங்கக்கா. ஒண்ணும் நினைக்காம குடிங்க" என்றாள்.

தட்டிவிட வேண்டும் என்று தமயந்தி நினைத்தாள், அவள் மூஞ்சியிலேயே ஊற்ற வேண்டும் என்றும் நினைத்தாள். ஆனால் தொண்டை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வாங்கிக் குடித்தாள். தண்ணீர் நன்றாக இருந்தது. அந்த ஊரில் அத்தனை நல்ல தண்ணீரை அவள் அதற்கு முன் குடித்ததில்லை. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, டம்ளரைக் கோமதியிடம் நீட்டி, இன்னொன்று கேட்டாள்.